புறாமலையா, திமிங்கில போட்டா, குச்சவெளி ரோட்டா? திருகோணமலையில ஒரு நாள் கிடைச்சா எதுக்குப் போறது

ஒவ்வொரு சீசனுக்கும் இதே கேள்விதான் வருது: "ஒரு நாள்தான் இருக்கு, புறாமலைக்குப் போறதா, திமிங்கிலம் பாக்கப் போறதா, இல்லாட்டி சும்மா நிலாவெளிப் பக்கம் கடற்கரையும் ஊரும் பாத்திட்டு வாறதா?" கேக்கிறவை கொழும்பில இருந்து வாற பொடியளா இருப்பினம், யாழ்ப்பாணத்தில இருந்து வான் பிடிச்சு வாற குடும்பமா இருக்கும், கனடா லண்டனில இருந்து வந்து நிக்கிற சொந்தக்காரரா இருக்கும். எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல ஏலாது, ஆனா எல்லாரும் பேஸ்புக்கில பாத்த அதே நீலத்தண்ணி போட்டோவை வச்சுக்கொண்டுதான் கேக்கினம்.

என்ர அபிப்பிராயத்தை முதலே சொல்லிடுறன். புறாமலை எண்டுறது நிலாவெளிக்கு எதிர்க்கக் கடலில இருக்கிற சின்னத் தீவு, தண்ணிக்குள்ள முகத்தை விடுற ஆக்களுக்கான இடம். கரையில குந்தியிருந்து பாக்கப் போறவைக்கு அது ஒரு கல்லும் கொஞ்ச மணலும்தான், அதுக்கு டிக்கெட்டும் போட்டுக்காசும் குடுக்கிறதை விட டவுனில இருந்து கரையோரமா வடக்க போற குச்சவெளி ரோட்டில ஒரு நாள் போனா கடலையும் பாக்கலாம், மனுசரையும் பாக்கலாம், நல்ல மீனும் சாப்பிடலாம். ஆனா இதுக்கும் நிபந்தனை இருக்கு.

## எதை வச்சு முடிவெடுக்கிறது

மாசமும் காற்றும். மற்ற எல்லாத்துக்கும் முதல் இது. சோளகக் காற்றுக் காலத்தில, அதாவது மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும், ஹிக்கடுவை மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிச்சுக்கொண்டு நிக்கேக்க எங்கட பக்கம் அமைதியா இருக்கும். வாடை தொடங்கினா தலைகீழ். நவம்பர், டிசம்பர், ஜனவரியில மழையும் பெரிய அலையும், தண்ணியும் கலங்கிப்போயிருக்கும். நல்ல சீசனிலயும் காலமை ஒரு கடல், பின்னேரம் ஒரு கடல், மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும்.

ஆர் வாறது. நீந்தத் தெரிஞ்சவை எத்தினை பேர், முழங்கால் வருத்தக்காரர் இருக்கினமா, கைக்குழந்தை இருக்கா, போட்டில சத்தி எடுக்கிற ஆள் இருக்கா. எட்டுப் பேர் வந்து ரெண்டு பேர்தான் தண்ணிக்குள்ள இறங்குவினம் எண்டா எட்டுப் பேருக்கும் டிக்கெட் எடுக்கிறதில அர்த்தமில்லை.

காசு எப்பிடிக் கணக்குப் பண்ணுறாங்கள். தலைக்கா, கூட்டத்துக்கா, போட்டுக்கா? இதை விளங்காமப் போனா கணக்கு ரெண்டு மடங்காகும். விலை அடிக்கடி மாறுறதால நான் இங்க ரூபா கணக்கு எழுதேல்லை.

பாக்கப் போறது கிடைக்குமா. புறாமலையில மீன் கட்டாயம் இருக்கும். திமிங்கிலத்துக்கு அந்தச் சத்தியம் இல்லை. ஊர் எங்கயும் ஓடிப்போகாது.

## ஒரே பார்வையில

| | நல்ல மாசம் | எவ்வளவு நேரம் | காசு | ஆருக்கு நல்லது | கடிக்கிற விசயம் |
|---|---|---|---|---|---|
| புறாமலை | மே – செப்டம்பர் | அரை நாள் | டிக்கெட் தலைக்கு, சேவைக் கட்டணம் கூட்டத்துக்கு, போட் தனி | நீந்துறவை, வளந்த பிள்ளையள் | வெளிநாட்டு பாஸ்போட், சனக்கூட்டம் |
| திமிங்கில போட் | மார்ச் – ஓகஸ்ட் | விடிய இருந்து மூண்டு நாலு மணித்தியாலம் | தலைக்கு இல்லாட்டி போட்டுக்கு | பொறுமைசாலிகள் | சத்தி, ஒண்டும் தெரியாமத் திரும்புறது |
| குச்சவெளி ரோட் | வருசம் முழுக்க, மழை தவிர | முழு நாள் | வாகனமும் சாப்பாடும்தான் | எல்லா வயசுக்கும் | வெயில், சாப்பாட்டுக் கடை குறைவு |
| கிண்ணியா – மூதூர் – சம்பூர் | வருசம் முழுக்க | முழு நாள் | வாகனம்தான் | ஊரும் கதையும் விருப்பமானவை | தூரம் |
| டவுனும் கோட்டையும் | எப்பவும் | மூண்டு மணித்தியாலம் | ஒண்டுமில்லை எண்டே சொல்லலாம் | வயசானவை, பக்திமான்கள் | மத்தியானச் சூடு |

## புறாமலை

நிலாவெளிக் கரையில இருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், பைபர் போட்டில பத்துப் பதினைஞ்சு நிமிசம். பெரிய தீவெண்டு நினைச்சு வராதீங்கோ, நீளம் ஒரு 200 மீட்டர், அகலம் 100 மீட்டர், உச்சி கடலில இருந்து 45 மீட்டர் அளவு உயரம், அவ்வளவுதான். கல்லிடுக்கில மாடப்புறா கூடு கட்டுறதால வந்த பேர். வெள்ளைக்காரன் காலத்தில இதைக் குறிபாத்துச் சுட்டுப் பழகிற இடமா வச்சிருந்தவங்கள், பிறகு 1963ல சரணாலயமாக்கி, 2003ல தேசியப் பூங்காவாக்கினது. இப்ப வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழ இருக்கு, டிக்கெட்டும் அவங்கள்தான் குடுக்கிறது.

சாமான் எல்லாம் தண்ணிக்குக் கீழதான். திருகோணமலைக் கடலில பதிவான முருகைக்கல் (பவளப்பாறை) 100 வகை, அதை அண்டி வாழுற மீன் 300 வகை எண்டு சொல்லுறது, அதில கனக்க இந்தச் சின்னத் தீவைச் சுத்தியே இருக்கு. இடுப்பளவு தண்ணியிலயே கிளிமீன் கூட்டமாப் போகும், அதிர்ஷ்டம் இருந்தா ஆமை வரும், செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் கரையோட சுத்தித் திரியும். சுறா எண்டோடன பயப்பிடாதீங்கோ, அதுகள் உங்களைக் கண்டா விலகிப் போறதுகள், துரத்திக்கொண்டு போகாட்டிச் சரி. சுறா நிக்கிற பக்கமும் முருகைக்கல் நல்லா இருக்கிற பக்கமும் வேற வேற, அதைக் கரையில வச்சே போட்காரரிட்டக் கேட்டு வச்சிருங்கோ, இல்லாட்டி இறங்கின இடத்திலேயே சனத்தோட சனமா நிண்டு அரை மணித்தியாலம் போயிடும்.

இனி மறைஞ்சிருக்கிற செலவுக்கு வருவம். "புறாமலையில ஏமாத்திப்போட்டாங்கள்" எண்டு சொல்லுற கனபேருக்கு நடந்தது ஏமாத்து இல்லை, கணக்கு விளங்காததுதான். தலைக்கு ஒரு நுழைவுக் கட்டணம். அதுக்கு மேல கூட்டத்துக்கு ஒரு சேவைக் கட்டணம். அதுக்கு மேல வரி. இது எல்லாம் திணைக்களத்துக்கு. போட்டுக்காசு வேற, முகமூடியும் குழாயும் வாடகைக்கு எடுத்தா அது வேற. சேவைக் கட்டணம் கூட்டத்துக்கு எண்டதால ரெண்டு பேரா வந்தாலும் ஆறு பேரா வந்தாலும் அது ஒண்டுதான், தங்கியிருக்கிற இடத்தில வேற ஒரு சோடி போகுதெண்டா சேந்து போறது புத்தி, போட்டுக்காசும் பிரிஞ்சிடும். உப்புவெளியில இருந்து போட் எடுத்தா கடலில கனதூரம், காசும் கூட, அந்தப் பயணமே பிடிக்கும் எண்டா மட்டும் அப்பிடிச் செய்யுங்கோ. இல்லாட்டி ஓட்டோ பிடிச்சு நிலாவெளிக்குப் போய் ஏறுங்கோ.

பெரிய அடி விழுறது பாஸ்போட்டில. எங்கட ஆள்தான், இஞ்சதான் பிறந்தது, தமிழ்தான் கதைக்கிறது, ஆனா கையில இருக்கிறது கனடா பாஸ்போட் எண்டா கவுண்டரில வெளிநாட்டுக்காரர் ரேட்தான், உள்ளூர் ரேட்டுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரட்டைக் குடியுரிமை இருக்கிறவை இலங்கை அடையாள அட்டையைக் கையோட கொண்டு வாங்கோ, ஹொட்டல் ரூமில வச்சிட்டு வந்து கவுண்டரில நிண்டு சண்டை பிடிக்கிறதில பிரயோசனம் இல்லை. உள்ளூர் அட்டை இருக்கிற குடும்பத்துக்கு டிக்கெட் ஒரு பொருட்டே இல்லை, அவைக்குப் போட்டுக்காசுதான் முக்கியச் செலவு.

இன்னொரு செலவு முதுகில விழும். குப்புறப் படுத்து மிதக்கேக்க வெயில் சுடுறது தெரியாது, ராவைக்குத்தான் தெரியும். கையுள்ள டீசேட் ஒண்டு போட்டுக்கொண்டு இறங்குங்கோ, கிறீம் பூசுறதை விட இது நல்லது, கிறீம் கரைஞ்சு முருகைக்கல்லுக்குத்தான் போகும். கரையில கிடக்கிறதில கனக்க உடைஞ்ச முருகைக்கல், வெறுங்காலோட நடந்தா வெட்டும், இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் சப்பாத்து இருந்தா நல்லது. அதுக்காக உயிருள்ள கல்லில ஏறி நிக்கிறதில்லை. லீவு நாளில நீந்தத் தெரியாத சனம் லைஃப் ஜக்கட்டைப் போட்டுக்கொண்டு முருகைக்கல்லுக்கு மேல எழும்பி நிண்டு செல்ஃபி எடுக்கிறதைப் பாத்தா வயிறு எரியும், வளர வருசக்கணக்கில எடுக்கிறது ஒரு மிதியில போயிடும். பொலித்தீன், பிளாஸ்டிக் சாமானைக் கொண்டுபோகாதீங்கோ. டொய்லெட் விசயத்தைக் கரையிலேயே முடிச்சிட்டு ஏறுங்கோ.

இது நல்ல தெரிவு: மே தொடங்கி செப்டம்பருக்குள்ள, கிழமை நாளில, கவுண்டர் திறக்கிற நேரத்துக்கே வந்து நிக்கிற, நீந்தக்கூடிய ஆக்களுக்கு. இது வேண்டாம்: நீண்ட வாரவிடுமுறை, போயா (பௌர்ணமி லீவு), ஓகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் "பாவம் தனிய விடக்கூடாது" எண்டு போட்டில ஏத்திக்கொண்டு போறதும் வேண்டாம். நிழல் குறைவு, குந்தியிருக்க நல்ல இடமும் இல்லை, அவையள் உங்களுக்காக வெயிலில காயிறதுதான் மிச்சம்.

## திமிங்கில போட்

திருகோணமலைக் கடலில ஒரு விசேசம் இருக்கு. கடலடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு துறைமுகத்துக்குக் கிட்ட வரைக்கும் வந்து நிக்குது, அதால கரையை விட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே ஆழக்கடல் தொடங்கிடும். ஆழக்கடலில திரியிற நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இஞ்ச கரைக்குக் கிட்ட வாறதுக்குக் காரணம் அதுதான். மார்ச், ஏப்ரலில நல்ல வாய்ப்பு, ஓகஸ்ட் மட்டும் காணலாம்.

ஆனா வாய்ப்பு எண்டுதான் சொல்லுறன். கரைவலை இழுக்கிற மாதிரித்தான் இது, சில நாள் வலை மடி நிறைய மீன் வரும், சில நாள் வெறும் பாசி. டொல்பின் கூட்டம் காணுறதுக்குத்தான் கூடச் சாத்தியம், சுழண்டு பாயிற வகை, அதைப் பாத்தே பிள்ளையள் சந்தோசப்படுங்கள். திமிங்கிலத்தைப் பாத்தே தீரவேணும் எண்டு வாறவை ரெண்டு காலமையை ஒதுக்கி வையுங்கோ, ஒரே நாள் எண்டா நான் புறாமலையைத்தான் சொல்லுவன்.

கரையில இருந்து போறது அனேகமாச் சின்ன பைபர் போட். மேல கூரை இருக்கோ எண்டு கேளுங்கோ, லைஃப் ஜக்கட் எல்லாருக்கும் இருக்கோ எண்டு கண்ணால பாருங்கோ. விடிய வெறுவயித்தோட ஏறவும் கூடாது, மூக்குமுட்ட இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிட்டு ஏறவும் கூடாது, பாணும் வாழைப்பழமும் போதும். சத்தி எடுக்கிற ஆள் எண்டா குளிசையைப் போட் ஏற முதலே போடோணும், கடலுக்குப் போனாப்பிறகு போட்டு வேலையில்லை.

போட்காரருக்கு முதலே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கோ, "அண்ணே, துரத்தத் தேவையில்லை, தூர நிண்டு பாத்தாக் காணும்" எண்டு. 100 மீட்டருக்குக் கிட்டப் போகக்கூடாதெண்டு சட்டமே இருக்கு, ஆனா வாற ஆக்கள் "கிட்டப் போ, கிட்டப் போ" எண்டு கத்தினா அந்த மனுசனும் என்ன செய்யிறது, நாளைக்கு அவரைப் பத்தி ரிவ்யூ எழுதிப்போடுவினமே. நாலு போட் சேந்து துரத்தினா அது முங்கிப் போயிடும், பிறகு ஒருத்தருக்கும் இல்லை.

காசில்லாம ஒரு வழியும் இருக்கு. டவுனில கோணேசர் கோயில் இருக்கிற மலை உச்சி கடலுக்கு மேல செங்குத்தா நிக்குது, சீசனில காலமை கடல் பளிங்கு மாதிரிக் கிடக்கேக்க பைனாகுலரோட அங்க நிண்டா தூரத்தில திமிங்கிலம் மூச்சு விடுற தண்ணிப் புகை தெரியிறதுண்டு. கும்பிட்டதுக்குக் கும்பிட்டதும் ஆச்சு.

## குச்சவெளி ரோட்

இது ஹொட்டல்காரர் சொல்லித்தராத நாள், ஏனெண்டா இதில அவைக்குக் கமிஷன் இல்லை. டவுனில இருந்து புல்மோட்டை ரோட்டைப் பிடிச்சு வடக்க போறது. உப்புவெளி அஞ்சாறு கிலோமீட்டர், நிலாவெளி பதினைஞ்சு, குச்சவெளி முப்பத்திச் சொச்சம், புல்மோட்டை அம்பத்தைஞ்சு அளவில. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பும் உப்பளமும் வயலும் பனையும். சாம்பல்தீவு, கோபாலபுரம், இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி எண்டு தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். 2004 சுனாமி இந்தக் கரை முழுக்க ஏறின இடம், அதுக்கு முதல் சண்டை, ரெண்டையும் தாங்கின ஊர்கள்.

விடியப்புறம் வெளிக்கிட்டா கரைவலை இழுக்கிறதைப் பாக்கலாம். வலையை வள்ளத்தில கொண்டுபோய் அரைவட்டமா விட்டிட்டு ரெண்டு பக்கமும் ஆக்கள் கயிறு பிடிச்சு இழுக்கிறது, மடி கரைக்கு வர மணித்தியாலக் கணக்காகும். வந்தோடன சூடை, கீரி, நெத்தலி, பாரைக்குட்டி எல்லாம் மணலிலேயே பிரிப்பினம். நீங்களும் கயிறைப் பிடிக்கலாமோ எண்டு கேட்டா சிரிச்சுக்கொண்டு விடுவினம், ஆனா போட்டோ எடுக்க முதல் கேளுங்கோ, அது அவையின்ர வேலைத்தளம், எங்களுக்காக நடக்கிற நிகழ்ச்சி இல்லை. மீன் வாங்கிறதெண்டா அங்கேயே சம்மாட்டியோட (வலைச் சொந்தக்காரரோட) கதைச்சு வாங்கலாம். தங்கிற வீட்டில சமைச்சுத் தருவினமெண்டா அதை விட நல்ல சாப்பாடு இந்த ஜில்லாவில இல்லை, புட்டும் அந்த மீன் குழம்பும் எண்டா சொல்லத் தேவையில்லை.

பறவை பாக்கிறவைக்கு ஒரு ரகசியம்: பறவைக்கு இந்த ரோட்டில நல்ல காலம் புறாமலைக்கு சீசன் தொடங்காத காலம்தான். மழை விட்டு ஜனவரி கடைசி, பெப்ரவரி, மார்ச்சில களப்புத் தண்ணி வத்தத் தொடங்க வெளியில இருந்து வந்த பறவையள் சேத்தில மேயும், நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் ரோட்டில நிண்டே பாக்கலாம். போட்டும் வேண்டாம் டிக்கெட்டும் வேண்டாம்.

புல்மோட்டைக்குக் கிட்ட அரிசிமலைக் கரை இருக்கு, மணல் பருக்கை பருக்கையா அரிசி மாதிரிக் கிடக்கும். அள்ளிக்கொண்டு வராதீங்கோ.

இதில மறைஞ்ச செலவு வாகனம். பஸ் இருக்கு, குச்சவெளி புல்மோட்டை பஸ் டவுன் ஸ்டாண்டில இருந்து போகுது, விலை மலிவு, ஆனா இடையில இறங்கி ஏறுறதெண்டா காத்து நிக்கோணும், வெயிலும் சும்மா இல்லை. ஸ்கூட்டி வாடகைக்கு எடுக்கிறதுதான் ரெண்டு பேருக்குச் சரி, குடும்பத்துக்கு ஓட்டோவை நாள் கணக்குக்குக் கதைச்சு எடுங்கோ, "வெயிற்றிங்" எவ்வளவெண்டு முதலே கேட்டு வையுங்கோ. நிலாவெளி தாண்டினா சாப்பாட்டுக் கடை ஐதாகும், வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரம் முஸ்லிம் ஊர்களில கடை பூட்டியிருக்கும், அதைக் கணக்கில எடுங்கோ. குளிக்கிற உடுப்போட ஊருக்குள்ள போறதும் மரியாதையில்லை, ஒரு சாரமோ துண்டோ சுத்திக்கொள்ளுங்கோ. வெறுங்கரையில குளிக்கிறதெண்டா அந்த ஊர் ஆக்களிட்ட நீரோட்டம் கேட்டிட்டு இறங்குங்கோ, காப்பாத்த அங்க ஒருத்தரும் நிக்கமாட்டினம்.

## கிண்ணியா, மூதூர், சம்பூர்

முந்தி இந்தப் பக்கம் போறதெண்டா துறைக்குத் துறை பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவையில) ஏறி இறங்கோணும். 2009ல திறந்த கிண்ணியாப் பாலம், 396 மீட்டர், அதுக்குப் பிறகு பயணம் லேசாப் போச்சு. மகாவலி கடலில விழுறது இந்தக் கொட்டியாரக் குடாவிலதான், 1660ல ரொபர்ட் நொக்ஸ் எண்ட ஆங்கிலேயக் கப்பல்காரரைக் கண்டி ராசாவின்ர ஆக்கள் பிடிச்சதும் இந்தக் கரையிலதான். சம்பூர் 2006ல இடம்பெயர்ந்து, 2015க்குப் பிறகு திரும்பிக் குடியேறின ஊர், அங்க போய் "ஏன் இன்னும் ஒண்டுமில்லாமக் கிடக்கு" எண்டு மட்டும் கேட்டிடாதீங்கோ.

கடல்வாழ் உயிரினம் பாக்க இந்தப் பக்கம் வேண்டாம். சட்டித் தயிர் வாங்க, ஆறும் குடாவும் பாக்க, சனத்தோட கதைக்க, வெருகல் முருகன் கோயில் வரைக்கும் போக எண்டா நல்லது. தயிரைத் திரும்பி வரேக்க வாங்குங்கோ, போகேக்க வாங்கினா வெயிலில புளிச்சிடும்.

## டவுன்

காலமை கோட்டைக்குள்ளால நடந்து கோணேசர் கோயில், இராவணன் வெட்டு எண்ட மலைப் பிளவு, பிறகு பின்னேரம் டச் பே கடற்கரை. கோட்டை 1624ல போத்துக்கேயர் கட்டினது, உள்ளுக்க புள்ளிமான் ஆடு மாடு மாதிரித் திரியும். பையோட ஒண்டும் குடுக்காதீங்கோ, பொலித்தீனைத் தின்னுதுகள்.

## எங்க தங்கிறது

புறாமலைதான் முக்கியம் எண்டா நிலாவெளி, விடியவே கவுண்டரில நிக்கலாம், கடற்கரையும் அகலம், சனமும் குறைவு. சின்னப் பிள்ளையள் கடலில விளையாடோணும், பின்னேரம் நடந்து போய்க் கொத்து சாப்பிடோணும், டவுனுக்கும் ஓடித்திரியோணும் எண்டா உப்புவெளி, அங்க கடலும் கொஞ்சம் அடக்கம். நிலாவெளியில மலிவா ரூம் கிடைச்சாலும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஓட்டோ எடுத்தா அந்த மலிவு போயிடும்.

## டிசம்பரில டிக்கெட் போட்டவைக்கு

வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள் கனபேருக்கு லீவு டிசம்பரிலதான், அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது. அப்ப வாறவை புறாமலையையும் திமிங்கிலத்தையும் லிஸ்டில இருந்தே எடுத்திடுங்கோ, இடையில ரெண்டு நாள் மழை விட்டுக் கடல் அடங்கினாலும் தண்ணி கலங்கியிருக்கும், வெளிநாட்டு ரேட்டில டிக்கெட் எடுத்துச் சேத்துத் தண்ணி பாக்கிறதில ஆருக்கும் சந்தோசமில்லை. டவுனுக்கு ஒரு நாள், மூதூர்ப் பக்கம் ஒரு நாள், மழை விட்டிருந்தா குச்சவெளி ரோட். ஹபரணைப் பக்கத்தால வாறவை இருட்ட முதல் வந்து சேருங்கோ, அந்த ரோட்டில யானை ஏறும். "இல்லை அண்ணே, பிள்ளையளுக்கு ஆமை காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன்" எண்டு நிக்கிறவை போட்டுக்கு முதல்நாளே அட்வான்ஸ் குடுக்காதீங்கோ, விடிய எழும்பி நிலாவெளிக் கரையில போய் நிண்டு கடலைப் பாத்திட்டு, கவுண்டரில இண்டைக்கு போட் விடுறாங்களோ எண்டும் கேட்டிட்டு, பிறகு காசைக் குடுங்கோ.